உழாமல் விட்ட நிலத்தை யார் போய்ப் பார்ப்பது?

சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி வசிக்கும் முதிய அம்மையார் ஒருவர், தம் நிலத்தின் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கான்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் வரைபடம் தயாரிக்கும் வேலையில் நான் பல ஆண்டுகளாக இருப்பது அவருக்குத் தெரியும். கணவர் இறந்த பிறகு அவர் பெயருக்கு வந்த அந்த நிலம் 160 ஏக்கர். இங்கே அதை ஒரு குவார்ட்டர் என்பார்கள். கோதுமை விளைந்துகொண்டிருந்த அந்த நிலத்தில் இப்போது இடுப்பளவு புல் நிற்கிறது. உழாமல், விதைக்காமல், அந்தப் புல்லை அப்படியே நிற்க விடுவதற்காக அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் அக்டோபரில் அவருக்குக் குத்தகைப் பணம் அனுப்புகிறது. பத்தாண்டு ஒப்பந்தம் முடியப் போகிறது. மறுபடியும் சேரலாமா, சேர்வதென்றால் எந்தப் பகுதியைக் காட்டலாம் என்பதுதான் அவருடைய கேள்வி.

பேச்சுவாக்கில் நான் கேட்டேன், இந்தப் பத்து ஆண்டுகளில் அலுவலகத்திலிருந்து யாராவது வந்து நிலத்தைப் பார்த்தார்களா என்று. புல் விதைத்த தொடக்க காலத்தில் ஒருவர் வந்து முளைப்பைப் பார்த்துவிட்டுப் போனார் என்றும், அதற்குப் பிறகு யாரும் வந்ததாகத் தமக்கு நினைவில்லை என்றும் அவர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, இங்கே அது இயல்பு என்பது போலச் சொன்னார். அந்தப் பதில் என்னை விடவில்லை. ஆண்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் பொதுப்பணம் செலவாகும் ஒரு திட்டத்தை அரசு எப்படிக் கண்காணிக்கிறது என்பதைப் படிக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

இந்தத் திட்டத்தின் பெயர் நிலப் பாதுகாப்பு ஒதுக்கீட்டுத் திட்டம். விவசாயிகளின் பேச்சில் சி.ஆர்.பி. 1985 டிசம்பரில் அதிபர் ரேகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதை உருவாக்கியது. எளிதில் அரிப்புக்கு உள்ளாகும் விளைநிலத்தை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு அரசு குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறது. உரிமையாளர் அதில் புல்லோ மரமோ வளர்க்க வேண்டும். நடவுச் செலவில் பாதி வரை அரசு தருகிறது. நடுவில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால், அதுவரை வாங்கிய குத்தகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு கவுன்டியின், அதாவது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவின், விளைநிலத்தில் கால் பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது, ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் குத்தகை தரக் கூடாது என்ற வரம்புகள் தொடக்கத்திலிருந்தே உண்டு. திட்டத்துக்காகவே கன்னிப் புல்வெளியை உழுது விளைநிலமாகக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக, 1981 முதல் 1985 வரையிலான ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது பயிரிட்ட நிலமாக இருக்க வேண்டும் என்றும் விதித்திருந்தார்கள். ஏட்டளவில் இவை நல்ல வேலிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் காலத்துக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று மண். 1930களின் புழுதிப் புயல்களை இந்தச் சமவெளி மறக்கவில்லை; 1956-இல் ஐசன்ஹோவர் ஆட்சி கொண்டுவந்த மண் வங்கித் திட்டத்தில் புல்லாக மாறிய நிலங்கள், ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலும் கலப்பைக்கே திரும்பிவிட்டன என்பதும் பலருக்கு நினைவிருந்தது. மற்றொன்று விலை. 1980களில் தானியம் தேங்கிக் கிடந்தது, விவசாயிகள் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே விளைச்சலைக் குறைப்பதும் மண்ணைக் காப்பதும் ஒரே சட்டத்தில் கலந்துவிட்டன. 1990-க்குள் 4 கோடி முதல் 4 கோடியே 50 லட்சம் ஏக்கர் வரை சேர்க்க வேண்டும் என்று சட்டமே இலக்கு வைத்தது. கண்காணிப்பின் முதல் கோணல் இந்த எண்ணிலிருந்து தொடங்கியது என்பது என் எண்ணம். இத்தனை ஏக்கர் சேர்த்தாக வேண்டும் என்று மேலிருந்து ஓர் எண் வந்துவிட்டால், கீழே உள்ள அலுவலகம் எந்த ஏக்கர் என்று கேட்பதை நிறுத்திவிடுகிறது.

1986 மார்ச்சில் முதல் சேர்க்கை நடந்தது. நிலத்துக்கு எவ்வளவு குத்தகை வேண்டும் என்று விவசாயி தாமே தொகை குறித்துக் கொடுக்க வேண்டும். வட்டாரம் வட்டாரமாக அரசு மனதில் ஓர் உச்சவரம்பை வைத்துக்கொண்டு அதற்கு உட்பட்டவற்றை ஏற்றுக்கொள்ளும். உச்சவரம்பு வெளியே தெரியாதவரைதான் இதற்குப் பொருள் உண்டு. ஓரிரு சுற்றுகள் முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கேள்வித்தொகைகள் ஏறக்குறைய அனைத்தும் அந்த வரம்பையே தொட்டு நின்றன. போட்டி என்ற சொல் மட்டும் மிஞ்சியது. 1987-இல் மக்காச்சோள நிலங்களை இழுப்பதற்காகத் தனி ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். அந்த ஒரு சுற்றிலேயே பெருமளவு நிலம் வந்து குவிந்தது. 1990-க்குள் சுமார் 3 கோடியே 40 லட்சம் ஏக்கர் சேர்ந்துவிட்டது. ஏக்கருக்குச் சராசரிக் குத்தகை ஏறத்தாழ 50 டாலர்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 1989 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இந்தத் திட்டத்தின் வரலாற்றில் முக்கியமானது. திட்டத்தை இதைவிடக் குறைந்த செலவில், இதைவிடப் பயனுள்ளதாக நடத்தியிருக்கலாம் என்பதை அதன் தலைப்பே சொன்னது. வேளாண் துறை ஏக்கர் இலக்கை எட்டுவதிலேயே கருத்தாக இருந்தது. மிக மோசமாக அரிக்கப்படும் நிலத்தையும் ஆற்றையும் ஏரியையும் கெடுக்கும் நிலத்தையும் தேடிச் சேர்க்கவில்லை. பல இடங்களில் உள்ளூர்க் குத்தகையைவிட மிகக் கூடுதலாகக் கொடுத்தது. இந்த மூன்றையும் எந்தச் சுற்றிவளைப்பும் இல்லாமல் அந்த அறிக்கை எழுதியது. அரசின் தணிக்கை அறிக்கைகளைப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் இந்த அறிக்கை அலமாரியில் தூங்கவில்லை என்பதை நான் மகிழ்ச்சியோடு பதிவு செய்ய விரும்புகிறேன். 1990-இல் வந்த அடுத்த வேளாண் சட்டத்துக்குப் பிறகு, 1991 முதல், நிலங்களை மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது.

அதற்குச் சுற்றுச்சூழல் பயன் குறியீடு என்று பெயர். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் எவ்வளவு பயன், நீரின் தரத்துக்கு எவ்வளவு, மண் அரிப்பு எவ்வளவு குறையும், ஒப்பந்தம் முடிந்த பிறகும் நிலைத்திருக்கும் பயன் எவ்வளவு, காற்றின் தரத்துக்கு எவ்வளவு, இவற்றோடு அரசுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. 1997-இல் இந்த முறை மேலும் விரிவானது. ஒரே வகை அயல்நாட்டுப் புல்லை விதைப்பவரைவிட, புளூஸ்டெம், கிராமா போன்ற இந்த மண்ணின் புற்களோடு பூச்செடிகளையும் கலந்து விதைப்பவருக்குக் கூடுதல் மதிப்பெண். குறைந்த குத்தகை கேட்பவருக்கும் கூடுதல். மதிப்பெண் முறை வெளிப்படையாக இருப்பதால் விண்ணப்பம் போடுபவர்களும் அதற்கேற்பத் தம் திட்டத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். இதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு, நான் ஒப்பவில்லை. நல்ல விதையைப் போட்டால் மதிப்பெண் கூடும் என்று தெரிந்து ஒருவர் நல்ல விதையைப் போட்டால், விதி தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள்.

ஆனால் அந்த மதிப்பெண் முழுவதும் நுழைவாயிலில் போடப்படுவது. விண்ணப்பத்தாளில் எழுதிய விதைக்கலவை ஏழாம் ஆண்டில் நிலத்தில் நிற்கிறதா என்பதைக் குறியீடு சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் கவுன்டி அளவில் இருக்கிறார்கள். பணத்தையும் ஒப்பந்தத்தையும் நிர்வகிப்பது வேளாண் சேவை முகமை. மண்ணும் புல்லும் பற்றிய தொழில்நுட்ப அறிவுரை தருவது இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. ஒவ்வோர் ஆண்டும் எந்தப் புலத்தில் என்ன இருக்கிறது என்று விவசாயி ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார். நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே அலுவலர் எழுதுகிறார், இங்கே உரிமையாளரே எழுதுகிறார். அலுவலர் வயலுக்கு வராமலேயே எழுதிய அடங்கலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உரிமையாளர் எழுதுவதே மேல் என்று முதலில் பட்டது. யோசிக்க யோசிக்க, எழுதுபவர் யார் என்பதைவிட அதைச் சரிபார்ப்பவர் வயலுக்கு வருகிறாரா என்பதே பெரிய கேள்வி என்று தோன்றியது. ஒப்பந்தங்களில் ஒரு பகுதியை மாதிரியாக எடுத்து ஆய்வு செய்கிறார்கள். வான்வழிப் படங்களையும் பார்க்கிறார்கள். 2003 முதல் வேளாண் துறையே பயிர்க்காலத்தில் நாடெங்கும் வான்வழிப் படம் எடுக்கும் திட்டத்தை நடத்துகிறது. அந்தப் படங்களை நான் என் வேலையில் அன்றாடம் பயன்படுத்துகிறேன். உழுத நிலத்தை அவை தெளிவாகக் காட்டிவிடும். நிற்பது ஐந்து வகைப் புல்லா, ஒரே வகைப் புல்லா என்பதையும், புல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்தில், புல்வெளியை விழுங்கிவிடும் சீடர் மரத்தின் கன்றுகள் முளைத்துவிட்டனவா என்பதையும் அறிய நடந்துதான் பார்க்க வேண்டும்.

கவுன்டி அலுவலகத்துக்கு மேல் ஒரு குழு உண்டு. உள்ளூர் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அந்தக் குழுவில் 3 முதல் 11 பேர் இருப்பார்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். ஒருவர் ஒப்பந்த விதியை மீறினால், தெரிந்தே மீறினாரா, நல்ல எண்ணத்தோடு நடந்துகொண்டும் தவறிவிட்டாரா என்று முடிவு செய்வதில் இந்தக் குழுவுக்குப் பங்கு உண்டு. இந்த ஏற்பாட்டின் அருமையை நான் உணர்கிறேன். மழை பொய்த்த ஆண்டில் புல் முளைக்காததற்கும் அக்கறையில்லாமல் விட்டதற்கும் உள்ள வேறுபாட்டை வாஷிங்டனில் இருப்பவரால் அறிய முடியாது. பக்கத்து நிலத்துக்காரரால் முடியும். அதே பக்கத்து நிலத்துக்காரர்தான் ஞாயிற்றுக்கிழமை அதே தேவாலயத்தில் அமர்கிறார், அறுவடைக்கு இயந்திரம் கடன் வாங்குகிறார், அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்கிறார். அவரால் இரக்கம் காட்ட முடியும். கண்டிப்புக் காட்டுவது கடினம். 2003-இல் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட மற்றோர் அறிக்கை இதற்குச் சான்றாகிறது. அது சி.ஆர்.பி. பற்றியதன்று, அதே 1985 சட்டத்தின் உடன்பிறந்த பிரிவைப் பற்றியது. அரிப்புக்குள்ளாகும் நிலத்தைப் பாதுகாப்பு முறைகள் இல்லாமல் உழுதாலோ, ஈரநிலத்தை வடித்துப் பயிரிட்டாலோ அரசின் பண்ணை உதவிகளை இழக்க நேரும் என்பது அந்தப் பிரிவு. 1993 முதல் 2001 வரை விதிமீறல் என்று குறிக்கப்பட்ட நிகழ்வுகளில் சுமார் 61 சதவீதத்தில் தண்டனை தள்ளுபடியாகியிருந்தது என்று அறிக்கை கண்டது. ஒவ்வொரு தள்ளுபடிக்கும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனாலும் பத்தில் ஆறு என்ற அளவில் மன்னிப்பு வழங்கப்பட்டால், அந்த விதியை விவசாயிகள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2007-இல் அதே அலுவலகம் வெளியிட்ட செய்தி நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. 1999 முதல் 2005 வரை, இறந்துபோன 1,70,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயரில் 110 கோடி டாலர் பண்ணைப் பணம் போயிருந்தது. இறந்தவரின் சொத்துக்கு ஒரு காலம் வரை பணம் தர விதியே இடம் தருகிறது என்பதால் அத்தனையும் முறைகேடு ஆகாது. விதி கேட்கும் ஆண்டுச் சரிபார்ப்பை அலுவலகங்கள் பல செய்யவில்லை என்பதே கணக்காய்வாளர்களின் குற்றச்சாட்டு. நிலத்தைப் போய்ப் பார்க்கும் வழக்கம் இருந்திருந்தால், நிலத்துக்காரர் இல்லை என்பதும் தானாகத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அரசு பார்க்காவிட்டால் குடிமக்கள் பார்க்கலாமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் கவுன்டியில் சி.ஆர்.பி. நிலங்கள் எங்கெங்கே இருக்கின்றன, ஓடைகளுக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று என் சொந்த ஆர்வத்தில் ஒரு வரைபடம் போட விரும்பினேன். முடியவில்லை. 2008 பிப்ரவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், வேளாண் துறையிடமுள்ள இத்தகைய நிலத் தரவுகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி வெளியிட வேண்டும் என்று தீர்ப்பளித்திருந்தது. சில மாதங்களிலேயே நிறைவேறிய 2008 வேளாண் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்தது. திட்டங்களில் சேர்வதற்காக விவசாயிகள் தரும் நிலத் தகவல்களையும், எல்லை காட்டும் புவியியல் தரவுகளையும் துறை வெளியிடக் கூடாது என்று அது சொல்கிறது. யாருக்கு எவ்வளவு பணம் போனது என்ற விவரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே இன்று எந்தப் பெயருக்குப் பணம் போகிறது என்பதை ஒரு குடிமகன் அறியலாம். அந்தப் பணத்துக்கு ஈடான புல் எந்த வயலில் நிற்கிறது என்பதை அறிய முடியாது. விவசாயியின் தனிமைக்கு மதிப்புத் தர வேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அவருடைய விளைச்சல், கடன், வருமானம் ஆகியவை வெளியே வரக் கூடாது. பொதுமக்கள் பணத்தில் பத்தாண்டுக்குக் குத்தகை எடுத்த நிலத்தின் எல்லைக்கோடு அந்தப் பட்டியலில் சேராது. இந்தப் பிரிவு திருத்தப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளியிலிருந்து கண்காணிப்பு வந்த ஓர் ஆண்டும் உண்டு. 2008-இல் மக்காச்சோளத்தின் விலையும் தீவன விலையும் ஏறியபோது, சி.ஆர்.பி. நிலங்களில் புல் அறுக்கவும் மாடு மேய்க்கவும் பரந்த அளவில் அனுமதி தருவதாக மே மாதம் துறை அறிவித்தது. சூழல் விளைவுகளை முறையாக ஆராயாமல் எடுத்த முடிவு என்று தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலையில் நீதிபதி அந்த அனுமதிக்குத் தடை விதித்தார். நம்பி ஏற்கெனவே செலவு செய்துவிட்ட விவசாயிகளுக்கு மட்டும் வரம்புகளோடு வழிவிட்டார். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான்: தவறு துறையுடையது, அதற்கு விவசாயி நட்டப்படக் கூடாது என்ற நிதானம்.

விலைதான் இந்தத் திட்டத்தின் உண்மையான எசமானன் என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. 2007-இல் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் என்ற உச்சத்தைத் தொட்ட திட்டம், மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனாலின் தேவையால் மக்காச்சோளம் விலையேறியபோது கரையத் தொடங்கியது. வாத்துகள் குஞ்சு பொரிக்கும் குட்டைநிலங்கள் நிறைந்த வடக்கு டகோட்டாவில் பாதிக்கும் மேற்பட்ட சி.ஆர்.பி. நிலம் கலப்பைக்குத் திரும்பியது. காங்கிரசும் வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தது: 2008 சட்டத்தில் 3 கோடியே 20 லட்சம், 2014 சட்டத்தில் 2 கோடியே 40 லட்சம். 2018-இல் 2 கோடியே 70 லட்சமாக உயர்த்தினார்கள்; அதே கையோடு பொதுச் சேர்க்கைக்கான குத்தகையைக் கவுன்டி சராசரியில் 85 சதவீதமாக மட்டுப்படுத்தினார்கள். 1989 அறிக்கை கண்டித்த கூடுதல் குத்தகைக்கு இது முப்பதாண்டு கழித்து வந்த பதில் எனலாம். அது மறுபுறம் சாய்ந்துவிட்டதோ என்று எனக்கு அச்சம். சந்தைக் குத்தகையைவிடக் குறைத்துக் கொடுத்தால், விட்டுக்கொடுக்கத் துணிபவர்கள் மிக மெலிந்த நிலத்துக்காரர்களும் முதியவர்களும் மட்டுமே.

பயன் இல்லையா என்றால், உண்டு. 1982-க்கும் 2007-க்கும் இடையில் அமெரிக்க விளைநிலங்களின் மண் அரிப்பு சுமார் 43 சதவீதம் குறைந்தது. அதில் உழவு குறைத்த சாகுபடிக்கு எவ்வளவு பங்கு, இந்தப் புல்லுக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். சேர்த்த ஒவ்வொரு 100 ஏக்கருக்கும் சுமார் 20 ஏக்கர் புதிதாக வேறிடத்தில் உழப்பட்டது என்று 2000-இல் ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்கின் முறையைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இத்தகைய சச்சரவுகள் தீர வேண்டுமானால் நிலத்தில் அளந்த தரவு வேண்டும். அது மிகக் குறைவாகவே இருக்கிறது.

அந்த அம்மையாரோடு மறுநாள் நிலத்துக்குப் போனேன். மேற்குப் பாதியில் புளூஸ்டெம் செம்பழுப்பாக, நெஞ்சுயரத்துக்கு நின்றது. நாங்கள் நடக்கும்போது ஃபெசன்ட் கோழிகள் இரண்டு சடசடவென்று எழும்பிப் பறந்தன. தென்கிழக்கு மூலையில், ஓடைக்கரையை ஒட்டி, சிவப்புச் சீடர் கன்றுகள் பரவியிருந்தன. ஒப்பந்தத்தின் நடுவில் செய்ய வேண்டிய பராமரிப்பாக ஒருமுறை தீ வைத்தபோது காற்று அதிகமாக இருந்ததால் அந்த மூலையை விட்டுவிட்டதாக அவர் சொன்னார். அடுத்த ஆண்டு செய்யலாம் என்று நினைத்தார், கணவர் நோயில் விழுந்தார். நாங்கள் எண்ணினோம்: 214 கன்றுகள். மூன்று ஆண்டுக்கு முன் ஒருவர் வந்து பார்த்திருந்தால் கைக்கோடரியால் ஒரு பிற்பகலில் முடிந்திருக்கும் வேலை. இப்போது இயந்திரம் வேண்டும்.

வரைபடத்தின் ஓரத்தில் அந்த எண்ணைப் பென்சிலால் எழுதி, அதை அலுவலகத்தில் சொல்ல வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். சொல்லுங்கள் என்றேன். திங்கட்கிழமை அவரே காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கிருந்த இளம் அலுவலர் அக்கறையாகக் கேட்டுக்கொண்டாராம். தம்மோடு சேர்த்து அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் சிலரே என்றும், பனிக்காலம் வருவதற்குள் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். நவம்பர் இரண்டாம் வாரத்தில் அவர் வந்தார். ஓடைக்கரை வரை நடந்தார்.